ஆறிய காயமும் ஆறாத வலியும்

2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஃபஜ்ருத் தொழுகைக்காக ஒளுச் செய்யச் சென்றபோது பள்ளிவாசல் ஹவுளின் பாசி படிந்த படியில் கால் வழுக்கி விழுந்தோம். விழுகின்ற எவரும் செய்வதையே நாமும் செய்தோம். வலக்கையை முன்னே ஊன்றினோம். மணிக்கட்டின் எலும்பு முறிந்தது. ஆறு வாரங்கள் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த நாளில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. ஆனால் கை நமக்குத் திரும்பி வரவில்லை. உள்ளங்கை எரிந்தது, விரல்கள் மடங்க மறுத்தன, குளிர்ந்த நீர் பட்டால் ஊசிகள் ஏறுவது போலிருந்தது, போர்வையின் விளிம்பு உரசினாலும் தூக்கம் கலைந்தது. சிகிச்சையளித்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இதில் ஒன்றுமில்லை, வலிப்பதாக நீங்கள் எண்ணிக்கொள்கிறீர்கள் என்றார். உறவினர் ஒருவர், இது இறைவனின் சோதனை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். இருவரும் நல்லெண்ணத்துடனேயே பேசினர். ஆனால் இருவர் கூற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: வலியைப் பற்றி இனிப் பேசாதீர்கள்.

நம்மைப் போன்றோர் பலர் உள்ளனர். இயந்திரத்தில் விரல் நசுங்கிய தொழிலாளி, கண்ணாடி கிழித்த உள்ளங்கையுடன் வீட்டு வேலை பார்க்கும் பெண், இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்து கை ஊன்றிய மாணவர் என அவர்களைக் காணாத ஊரில்லை. காயம் ஆறிப் பல ஆண்டுகள் கடந்த பின்னும் அவர்களுடைய கை வலித்துக்கொண்டேயிருக்கிறது. ஆறிய காயம் ஏன் வலிக்க வேண்டும்? அவ்வலியுடன் அன்றாட வாழ்வை எப்படி நடத்துவது? இவ்விரண்டு கேள்விகளையே இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

முதற் கேள்வி புதியதன்று. வலிக்குக் காரணம் யாது என்பதில் பண்டைய மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. கிரேக்க மருத்துவ மரபின் பேராசானான காலன், உறுப்பின் தொடர்ச்சி அறுபடுவதே வலியின் உண்மைக் காரணம் எனக் கருதினார். வெட்டு, கிழிவு, முறிவு ஆகியன இல்லாத இடத்தில் வலி இருக்க இயலாது என்பது இதன் உட்பொருள். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த இப்னு ஸீனா (980-1037) தமது ‘அல்கானூன்’ முதற் பாகத்தில் இதை மறுத்தார். தொடர்ச்சி அறுபடுவது ஒரு காரணம்தான். உறுப்பின் ‘மிஸாஜ்’, அதாவது அதன் இயல்புச் சமநிலை, திடீரெனப் பிறழ்வதும் தன்னளவிலேயே வலியை உண்டாக்கும் என்பது அவருடைய கருத்து. அவர் பேசிய சூடு, குளிர், ஈரம், வறட்சி என்னும் சொற்களை இன்றைய மருத்துவம் கைவிட்டுவிட்டது. எனினும், கிழிவு இல்லாமலும் வலி உண்டாகலாம் என்னும் அடிப்படையில் அவர் சரியாகவே நின்றார் என்று நாம் கருதுகிறோம். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டிய நம் மருத்துவர், தம்மை அறியாமலே, காலனின் கட்சியில் சேர்ந்திருந்தார்!

ஐரோப்பாவில் இந்தச் சிந்தனை வேறொரு பாதையில் சென்றது. டேக்கார்ட்டின் மறைவுக்குப் பின் 1660களில் வெளியான அவருடைய நூலொன்று, காலருகே தீ பட்டால் நரம்பென்னும் கயிறு இழுபட்டு மூளையில் மணி அடிக்கிறது என்னும் பொருள்பட வலியை விளக்கியது. கயிற்றை எவரும் இழுக்காதபோது மணி ஏன் அடிக்கிறது என்பதற்கு அதில் விடையில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிலடெல்பியாவில் பணியாற்றிய வெயர் மிட்செல் என்னும் நரம்பியல் மருத்துவர் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தார். துப்பாக்கிக் குண்டு நரம்பைத் தொட்டுச் சென்ற வீரர்களின் கைகளில், புண் ஆறிய பின்னும் தீயாய் எரியும் வலி நிலைத்திருப்பதை 1864இல் அவரும் அவருடைய தோழர்களும் நூலாக எழுதினர். அவர்களுள் சிலர் ஈரத் துணியைக் கையில் சுற்றியபடியே இருந்தனர்; காகிதம் சலசலக்கும் ஒலியைக்கூடத் தாங்க இயலாதோரும் இருந்தனர். இவர்கள் போர்க்களத்தில் கோழைகள் அல்லர் என்பதை அறிந்திருந்ததால், மிட்செல் அவர்களை நம்பினார். இன்று ‘சிக்கலான வட்டார வலிக் கூட்டறிகுறி’ என அழைக்கப்படும் நோயின் தொடக்கக் கால விவரணைகளுள் அது ஒன்று.

மணிக்கயிறு உவமையை உடைத்த பெரும் முயற்சி 1965இல் மெல்சாக், வால் ஆகிய இருவரால் நிகழ்ந்தது. நரம்பு கொண்டுவரும் செய்தி நேரே மூளைக்குச் செல்வதில்லை. தண்டுவடத்தில் ஒரு வாயிற்கதவு போன்ற ஏற்பாடு உள்ளது. அது செய்தியைப் பெருக்கவும் குறைக்கவும் வல்லது என்றனர். அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துக்கொள்வது ஏன் இதமளிக்கிறது என்பது இதனால் விளங்கியது. தொடு உணர்வைக் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகளின் செய்தி, வலியிழைகளின் செய்திக்குக் கதவைச் சாத்துகிறது. பின்வந்த ஆய்வாளர்கள் இதை மேலும் விரித்தனர். நீண்ட நாள் வலிச் செய்தி வந்துகொண்டேயிருந்தால் தண்டுவடத்திலும் மூளையிலும் உள்ள நரம்பணுக்கள் கூருணர்வு பெறுகின்றன. முன்பு வலியாகத் தோன்றாத தொடுகை இப்போது வலியாகிறது. காவலாளி ஒருமுறை திருடனைக் கண்டபின் இலை அசைந்தாலும் கூக்குரலிடுவதைப் போன்றது இது. கூக்குரல் உண்மையானது, திருடன்தான் இல்லை.

உலகளாவிய வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தனது வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது எனக் கூறுவது மதிக்கப்பட வேண்டும் என்பதை அதன் குறிப்புகளுள் ஒன்றாகச் சேர்த்தது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நெடுநாள் வலி என வகைப்படுத்தி, அதற்குத் தனி இடம் தந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாவது நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் சில வகை நெடுநாள் வலி தானே ஒரு நோய். ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்பது இனி ஒரு முடிவாகாது.

வலியை ஒப்புக்கொண்ட பின் செய்ய வேண்டியது அதற்குச் சரியான பெயரிடுவது. இப்னு ஸீனா வலியைப் பதினைந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் தந்து, அது உணர்த்தும் காரணத்தையும் எழுதினார். குத்துவது, துளைப்பது, அழுத்துவது, இழுப்பது, தெறிப்பது, கனப்பது என அந்தப் பட்டியல் செல்கிறது. மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாப் பட்டியலும் நோயாளியின் சொற்களையே அளவுகோலாகக் கொண்டது. நம் தமிழ் இதில் வறியதன்று. எரிச்சல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுரீரென்று இழுத்தல் என ஒவ்வொன்றும் வேறு வேறு. ஆனால் மருத்துவர் முன் அமர்ந்ததும் ‘வலிக்கிறது’ என்னும் ஒற்றைச் சொல்லுடன் நிறுத்திவிடுகிறோம். எரிச்சலும், மின்சாரம் பாய்வது போன்ற சுரீரும், மதமதப்பும் நரம்பைச் சுட்டுகின்றன. பாரம் தூக்கும்போது மட்டும் எழும் கடுப்பு மூட்டையோ தசைநாரையோ சுட்டுகிறது. இரவில் விரல்கள் மரத்து உதறத் தோன்றுவது, மணிக்கட்டின் குறுகிய வழியில் நரம்பு அழுந்துவதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு வாரம் எந்த நேரம், எந்த வேலை, எந்த வகை வலி என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சென்றால், ஐந்து நிமிடச் சந்திப்பில் அது பத்துப் பரிசோதனைகளுக்கு நிகர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நீடித்த வலியெல்லாம் நரம்பின் கூருணர்வே என முடிவு கட்டுவதும் தவறு. கட்டை விரலின் அடிப்பக்கத்தில் உள்ள படகெலும்பு முறிந்தால் முதல் நாட்களில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். சுளுக்கு என்று எண்ணி விடப்பட்ட அம்முறிவு கூடாமல் நின்று, சில ஆண்டுகளில் மூட்டைத் தேய்க்கும். வெட்டுண்ட நரம்பின் நுனி முடிச்சாகத் திரளலாம். வடுவின் ஒரு புள்ளியைத் தட்டினால் விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்தால் அதுவே ஐயத்திற்குரிய இடம். கை வீங்கி, நிறமும் சூடும் மறு கையினின்று வேறுபட்டு, வியர்வை மாறி, காயத்தின் அளவுக்கு மிஞ்சிய வலி இருந்தால் மேலே சொன்ன கூட்டறிகுறியாக இருக்கலாம். அதற்குத் தாமதிக்காமல் சிகிச்சை தொடங்குவதே நலம். புதிதாக வலுக்குறைவோ, தசை மெலிவோ, காய்ச்சலுடன் வீக்கமோ வந்தால் பழைய வலிதானே என்று இருந்துவிடக் கூடாது. ஒருமுறை, கை மருத்துவம் அறிந்தவரிடம், முழுமையாகப் பார்த்துத் தெளிந்துகொள்ள வேண்டும். அதன் பின் அதே பரிசோதனைகளை ஊர் ஊராகத் திரும்பத் திரும்பச் செய்துகொள்வதில் பயனில்லை. நாமே அதில் ஈராண்டுகளை இழந்தோம்.

அந்த ஈராண்டுகளில் செய்த பெரிய பிழை வேறொன்று. கையைக் காத்தோம். சட்டைப் பையிலேயே வைத்திருந்தோம். எழுதுவதை இடக்கைக்கு மாற்றினோம். எவரேனும் முஸாஃபஹா செய்யக் கை நீட்டினால் பின்வாங்கினோம். வலிப்பதால் இன்னும் பழுதாகிறது என்பது நம் எண்ணம். புதிய காயத்தில் அது சரியான எண்ணமே. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யத் தொடங்கிய பால் பிராண்ட் என்னும் மருத்துவர், விரல்கள் குறைந்துபோவது பெரும்பாலும் வலியுணர்வு இல்லாமையால் அவர்கள் அறியாமல் அடைந்த காயங்களாலேயே என்று காட்டினார். வலியை ஒரு கொடையென்றே அவர் பிற்காலத்தில் எழுதினார். ஆனால் ஆறிய கையில் நீடிக்கும் வலி அந்தக் காவல் பணியை முடித்துவிட்ட பின்னும் ஊதியம் கேட்டுக்கொண்டிருப்பது. அதன் சொற்படி கையை முடக்கினால் மூட்டு இறுகுகிறது, தசை மெலிகிறது. அத்துடன், மூளையில் கைக்கென உள்ள பகுதியும் தெளிவிழக்கிறது. இந்நோயாளருள் சிலர் தம் கை உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றுவதாகக் கூறுகின்றனர். படத்தில் உள்ள கை இடக்கையா வலக்கையா என்று சொல்லவும் தாமதிக்கின்றனர்.

ஆகவே மருத்துவம் இன்று கையை மூளைக்கு மீண்டும் அறிமுகப்படுத்த முயல்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். ராமச்சந்திரன், அமெரிக்காவில் 1990களில், கையிழந்தோர் முன் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியச் செய்தார். இல்லாத கையில் இருந்த வலி சிலருக்குத் தணிந்தது. பின்னர் இம்முறை காயம்பட்ட கைக்கும் பயன்படுத்தப்பட்டது. படங்களில் இடவலம் கண்டறிதல், பிறகு அசைப்பதாகக் கற்பனை செய்தல், கடைசியாகக் கண்ணாடி என ஆஸ்திரேலிய ஆய்வாளர் மோஸ்லி 2004இல் ஒரு படிமுறையை வெளியிட்டார். இது எல்லோருக்கும் பலிக்கும் மந்திரமன்று. நமக்குப் பாதிப் பயன் தந்தது.

நமக்கு முழுப் பயன் தந்தவை எளியவை. ஒன்று, தொடுகைக்குப் பழக்குவது. முதலில் பஞ்சு, பிறகு பட்டு, பிறகு பருத்தித் துணி, பிறகு துவாலை என்று நாளுக்குப் பல முறை சில நிமிடங்கள் தடவினோம். அரிசி நிரப்பிய பாத்திரத்தில் கையை அளைந்தோம். முதல் வாரத்தில் பட்டு முள்ளாகக் குத்தியது. மற்றொன்று அளவிட்டு உழைப்பது. நல்ல நாளில் வெறியுடன் எழுதிவிட்டு அடுத்த மூன்று நாட்கள் படுத்துக்கிடப்பது நம் வழக்கமாயிருந்தது. அதை மாற்றி, எவ்வளவு நேரம் எழுதினால் மறுநாள் வலி மிகவில்லை என்று பார்த்தோம், எட்டு நிமிடம். எட்டாவது நிமிடத்தில், வலி இல்லாவிட்டாலும், பேனாவை வைத்தோம். வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டினோம். வலி சொல்லும்போது நிறுத்துவதற்கும் கடிகாரம் சொல்லும்போது நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றும். முன்னதில் வலி எசமானாக இருக்கிறது. பேனாவின் மேல் துணி சுற்றிப் பருமனாக்கியதும் உதவியது. மெல்லிய பொருளை இறுகப் பற்றுவதே சிறு மூட்டுகளுக்குப் பெரும் பாரம்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். கடைகளில் கேட்டு வாங்கும் சாதாரண வலி மாத்திரைகள் நரம்பு வலிக்கு அதிகம் பயன்படுவதில்லை. டைக்ளோஃபினாக் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். அமிட்ரிப்டிலின், டுலாக்சிடின், கபாபென்டின், பிரிகாபாலின் ஆகியவை நரம்பு வலிக்குப் பயன்படுவன. இவற்றுள் சில மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. மருந்துச் சீட்டைக் கண்டு ‘நம்மைப் பைத்தியம் என்கிறாரோ’ என மனம் நோக வேண்டியதில்லை. இவற்றை மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்தவும் கூடாது.

மனம் குறித்து இப்னு ஸீனா கூறியதை இங்கே நினைக்கிறோம். வலியைத் தணிப்பனவற்றுள் மென்மையான நீண்ட நடை, இனிய ஓசை, மனத்தை ஈர்க்கும் ஒன்றில் மூழ்குதல் ஆகியவற்றையும் அவர் சேர்த்தார். அவருக்குச் சற்று முந்தைய பக்தாதில் இதற்கொரு துயரமான சான்று உண்டு. அரபு எழுத்தணிக்கு அளவைகள் வகுத்த வஸீர் இப்னு முக்லாவின் வலக்கையை அரசியல் எதிரிகள் துண்டிக்கச் செய்தனர். கலீஃபா அர்ராழீயின் பணிப்பில் அவருக்குச் சிகிச்சை அளிக்கச் சென்ற மருத்துவரும் வரலாற்றாசிரியருமான ஸாபித் இப்னு ஸினான் அச்சந்திப்பைப் பதிவு செய்துள்ளார். இப்னு முக்லா தம் மகனின் நலத்தைக் கேட்டார். அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று அறிந்த பின் சற்று ஆறுதலடைந்தார். பிறகுதான் கைக்காக அழுதார். அக்கையால் திருக்குர்ஆனைப் பிரதி எடுத்ததையும் கலீஃபாக்களுக்குப் பணியாற்றியதையும் சொல்லி அரற்றினார். முன்கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு அவர் மீண்டும் எழுதினார் என்றும் வரலாறு கூறுகிறது. ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) சிறையில் மறைந்தார். அச்சமும் கவலையும் மிகும்போது வலி மிகுவதும், அவை தணியும்போது தணிவதும் வலி பொய் என்பதற்குச் சான்றாகா. தண்டுவடத்துக் கதவை மேலிருந்தும் திறக்கலாம், மேலிருந்தும் சாத்தலாம் என்பதே இன்றைய விளக்கம்.

இனி, தொழுகையாளர்க்கு இதனால் நேரும் இடர். கைக்காயத்தின் பின் குளிரைத் தாங்க இயலாமை மிகவும் பரவலானது, ஆண்டுக்கணக்கில் நிற்பது. மார்கழி அதிகாலையில் ஹவுள் நீர் அத்தகைய கைக்குப் பெரும் வேதனை. நாம் சில மாதங்கள் பற்களைக் கடித்துக்கொண்டு அதிலேயே ஒளுச் செய்தோம். அதில் ஒரு தகுதியிருப்பதாகவும் எண்ணினோம். வெந்நீரில் செய்தால் ஒளு குறைவுபடும் என்று எந்தச் சட்ட நூலும் கூறவில்லை. குளிர் போன்ற தேவையிருக்கும்போது உடனே துடைத்துக்கொள்வதற்கும் தடையில்லை. தொட்டாலே எரியும் கையைத் தேய்க்க வேண்டுமா என்றால், மாலிக்கி மத்ஹபில் தேய்த்தல் கடமை. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் நீர் முழுதும் ஓடினால் போதும். தண்ணீரே தீங்கு செய்யும் நிலையில் தயம்மும் உண்டு. ஸுஜூதில் மணிக்கட்டு ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கி உடற்பாரத்தைத் தாங்குகிறது. முறிந்து கூடிய மணிக்கட்டுக்கு அது கடினமான நிலை. உள்ளங்கையின் அடிப்பகுதிக்குக் கீழ் மடித்த துணியை வைத்தால் கோணம் குறையும். அதுவும் இயலாதவருக்கு இயன்ற அளவே கடமை. அளவு எதுவென்பதை ஆலிமிடம் கேட்டறியலாம்.

அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணத்தில் கல்லடிபட்டுத் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்ய அனுமதியுண்டா எனத் தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதியில்லை என்றனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்பதே கண்டனத்தின் சாரம். நமக்குப் பொறுமையை உபதேசித்த உறவினருக்கு இந்நிகழ்ச்சியைப் பின்னொரு நாள் நினைவூட்டினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, தம் தந்தையார் கடைசிக் காலத்தில் முழங்கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேயிருந்ததைச் சொன்னார்.

இப்போது வெந்நீரில் ஒளுச் செய்கிறோம். விரல்களுக்கிடையே விரல் கோத்து நீரைச் செலுத்தும்போது, ஒரு நாளில் ஐந்து முறை கைக்குத் தொடுகைப் பயிற்சியும் கிடைத்துவிடுகிறது. ஒளு அதற்காக விதிக்கப்பட்டதன்று. இப்படிச் சொல்லி மார்க்கத்தை மருந்துக் கடையாக்குவோரின் வரிசையில் சேர நாம் விரும்பவில்லை. கிடைப்பதை வேண்டாமென்று சொல்லவில்லை, அவ்வளவே. வலி முழுதும் போய்விடவில்லை. மழை இறங்கும் நாட்களில் கை முன்னதாகவே அறிவிக்கிறது. எட்டு நிமிடத்தில் தொடங்கிய எழுத்து இப்போது நாற்பது நிமிடத்தில் நிற்கிறது. இக்கட்டுரையைப் பதினொரு அமர்வுகளில், வலக்கையால் எழுதினோம்.